சுகிர்தம் கொடுக்காத பியூஸ் கட்டைகள்

சுகிர்தத்தை அடக்கம் செய்த அன்று, அவளைப் பற்றிச் சொல்ல யாரிடமும் அதிகம் இருக்கவில்லை. ராயபுரத்தில் கருப்பட்டியும் வத்தலும் மொத்தமாக விற்கும் தவசிமுத்துவின் மனைவி. கைமணம் உள்ளவள். அதிகம் பேசாதவள். கொஞ்சம் அழுத்தக்காரி. கடைசிச் சொல்லைச் சொன்னவர்கள் குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள். அந்தத் தெருவில் அவளுக்கு அந்தப் பெயர் வந்தது ஒரு ஐப்பசிப் புயலின்போது. அதற்கு முன்பு அவளுக்கு எந்தப் பெயரும் கிடையாது.

தெற்கே சாயர்புரம் பக்கத்து ஊரிலிருந்து கல்யாணமாகி வந்தவள். வந்த அன்றே தவசிமுத்து சாவிக்கொத்தை அவள் கையில் கொடுத்துவிட்டார். அரிசிப்பானை இருக்கும் அறை, கடைக்குப் பின்னால் சரக்கு வைக்கும் கிட்டங்கி, துணிப்பெட்டி எல்லாவற்றுக்கும் அந்த ஒரே கொத்துதான். அவர்கள் பக்கத்துக் குடும்பங்களில் அதுதான் வழக்கம். சம்பாதிப்பது ஆண், பூட்டித் திறப்பது பெண். பூட்டுவது அவள் வேலையாக இருந்ததே தவிர, யாருக்கு எதைத் திறப்பது என்று முடிவு செய்வது அவள் வேலையாக இருந்ததில்லை. அவர் கேட்டால் திறப்பாள். நாத்தனார் ரோஸ்மேரி கேட்டாலும் திறப்பாள். ரோஸ்மேரி புருஷனை இழந்து அண்ணன் வீட்டோடு வந்து இருந்தவள். வாய் கொஞ்சம் நீளம், மனது கெட்டதில்லை.

தவசிமுத்து கொடுத்துப் பழகிய மனிதர். ஊரில் ஆண்டுக்கு ஒருமுறை வேதக்கோயிலில் அசனம் நடக்கும். சாதி, தெரு எதுவும் பாராமல் எல்லாருக்கும் ஒரே பந்தியில் சோறு. சென்னைக்கு வந்த பிறகும் அவர் அதை விடவில்லை. யாருக்காவது எதையாவது கொடுக்க ஒரு காரணம் கிடைத்தால் அவர் முகம் மலர்ந்துவிடும். கிட்டங்கியில் மூட்டை சரிந்து ஒரு சுமைகூலியின் விரல் நசுங்கியபோது, அவன் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்வரை சாப்பிடாமல் கிடந்தார். 'நம்ம மூட்டைல்லா விழுந்தது' என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். சுகிர்தம் தட்டில் சோற்றை வைத்து எடுத்து, வைத்து எடுத்து, கடைசியில் நாய்க்குப் போட்டாள்.

ஜெனரேட்டர் அவர்கள் வீட்டுக்கு வந்தது தற்செயலாக. உலக யுத்தம் முடிந்து பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டபோது தவசிமுத்து தார்ப்பாய் வாங்கப் போனார். தார்ப்பாய்க் குவியலோடு சேர்த்துத்தான் தருவோம் என்று அந்த இரும்பு மிஷினையும் தலையில் கட்டிவிட்டார்கள். பெட்ரோலில் ஓடுவது. முன்பக்கத்தில் ஒரு இரும்பு ஹாண்டிலைச் செருகிச் சுற்றினால்தான் உயிர் வரும். வந்த நாளிலிருந்து பின்கட்டில் கிடந்தது. சுகிர்தம் அதன் மேல் வடகம் காயப்போட்டாள்.

புயல் அடித்த மறுநாள் தெருவில் கரண்டு இல்லை. முனையில் நின்ற பூவரசு மரம் விழுந்து மின்கம்பியை அறுத்துப் போட்டிருந்தது. கடலோரக் குப்பத்தில் குடிசைகள் போய்விட்டன. தெருக்கோடியில் இருந்த கோயில் பள்ளிக்கூடத்து ஹாலில் குப்பத்து ஜனங்கள் முழுக்க வந்து அடைந்திருந்தார்கள். தவசிமுத்து யாரும் கேட்பதற்கு முன்பே அடுப்பு மூட்டச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து சுகிர்தம் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. விறகு நனைந்திருந்தது. கண் எரிந்தது. இடுப்பு விட்டுப்போயிற்று. ஒரு அண்டா இறங்கியதும் அடுத்த அண்டா ஏறியது.

"இருட்டுல என்னத்தப் பொங்குவா இவ. அந்த மிஷின எடுங்கல" என்றார் தவசிமுத்து. வயரிங் வேலைக்கு வழக்கமாக வரும் லோகநாதனுக்கு ஆள் போனது.

லோகநாதன் வியாசர்பாடியிலிருந்து முட்டியளவு தண்ணீரில் நடந்து வந்தான். வந்தவுடன் மிஷினைக் கிட்டங்கிக்குள் வைக்கமாட்டேன் என்றான்.

"மழ பெய்யுதுல்லா, உள்ளே வச்சா என்ன?" என்றார் தவசிமுத்து.

"அதும் பொக ஊட்டுக்குள்ள சுத்திச்சின்னா தூங்கறவங்கோ எய்ந்திருக்கமாட்டாங்கோ மொதலாளி. வெளியவே கெடக்கட்டும். ஒன்னோட தார்ப்பாயக் கட்டு மேல."

பின்கட்டில், சுவரை விட்டுத் தள்ளி, செங்கல் அடுக்கி அதன்மேல் மிஷினை ஏற்றினான். ஈர மண்ணில் ஒரு இரும்புக் குழாயை அடித்து இறக்கி அதோடு மிஷினைக் கம்பியால் இணைத்தான். மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டினான். பிறகு உள்ளே வந்து மெயின் சுவிட்சை அணைத்தான். அதன் பெட்டியைத் திறந்து, உள்ளேயிருந்த இரண்டு பீங்கான் பியூஸ் கட்டைகளையும் பிடுங்கி எடுத்துக்கொண்டான். அதன் பிறகுதான் மிஷினிலிருந்து வந்த வயரை வீட்டு வயரோடு சேர்த்தான்.

வெளியே ஹாண்டிலைச் சுற்றியதும் மிஷின் இருமி, இருமி, பிடித்துக்கொண்டது. அடுப்படி பல்பு எரிந்தது. சுகிர்தம் புகைக்குள் தன் கையையே ஒருமுறை பார்த்துக்கொண்டாள். முழங்கை வரை கரி.

புறப்படும்போது லோகநாதன் அடுப்படி வாசலில் வந்து நின்றான். தவசிமுத்து பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தார்.

"யம்மா, இந்த ரெண்டையும் நீ வெச்சிக்க. சாவியெல்லாம் உங்கையிலதானே கீது. நான் வந்து கேக்கற வரிக்கும் ஒருத்தருக்கும் குட்த்துடாத."

"அவிய கேட்டாலுமா?"

"மொதலாளி கேட்டாலுந்தான்."

சுகிர்தத்துக்குச் சிரிப்பு வந்தது. "என்னத்துக்குவே இந்தப் பாடு? பொன்னா இது?"

லோகநாதன் சிரிக்கவில்லை. அவனுக்கும் களைப்பு. அவன் வீட்டுக்குள் தண்ணீர் நின்றது. "இத்தப் பாரு. இது ரெண்டும் உள்ள இருந்தா இந்த ஊட்டுக் கம்பியும் தெருக் கம்பியும் ஒண்ணு. எடுத்துட்டா வேற வேற. இப்ப மிஷினு ஓடுது. இத்த மாட்டி சுவிட்ச போட்டா, மிஷினு கரண்டு தெருவுக்குப் பூடும். கம்பத்து மேல ஏறிக்கினு கீறவனுக்கு அது தெரியாது. லைன் செத்துக் கீதுன்னு நெனச்சி கைய வெப்பான். அவ்ளோதான், கம்பத்துலயே ஒட்டிக்குவான்." கொஞ்சம் நிறுத்திச் சொன்னான்: "இதுக்குன்னு ரெண்டு பக்க சுவிட்ச்சு ஒண்ணு கீது. பாரிமுனையில எல்லாக் கடையும் சாத்திக் கெடக்கு. கட தெறந்தா வாங்கியாரேன். அது வரிக்கும் நீதான் சுவிட்ச்சு."

அவள் கட்டைகளை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். சாவிக்கொத்துக்குப் பக்கத்தில் அவை உறுத்தின. உலை கொதித்தது. அதற்கப்புறம் அவள் அதை மறந்துவிட்டாள்.

மறுநாள் சாயங்காலம். மழை விட்டிருந்தது, மேகம் விடவில்லை. விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன்பே இருட்டிக்கொண்டு வந்தது. தவசிமுத்து பள்ளிக்கூடத்திலிருந்து வேகமாக வந்தார். அவருக்குப் பின்னால் சின்னப்பையன் வந்தான். பெயர்தான் சின்னப்பையன், தலை நரைத்த ஆள். தண்டையார்பேட்டையில் லாரி மெக்கானிக். மிஷினுக்கு அவ்வப்போது பெட்ரோல் ஊற்றிப் பார்த்துக்கொள்ள வரச் சொல்லியிருந்தார்கள்.

"ஏளா சுகிர்தம், அந்த பியூஸ் கட்டை உங்கிட்டயா இருக்கு?"

"ஆமா."

"எடு. ஹால்ல பிள்ளையளுவ இருட்டுல கிடந்து கத்துது. பாம்பு ஒண்ணு அடிச்சிருக்காவ. நம்ம மிஷினு வெளிச்சத்தைத் தெருக் கம்பில விட்டா பள்ளிக்கூடத்துக்கும் போவும்னு இவன் சொல்லுதான்."

"தெருவுக்கே போவும்மா" என்றான் சின்னப்பையன். "அஞ்சாறு ஊட்லதானே லைட்டு கீது. மிஷினு தாங்கும். தெரு பூரா உன் பேரு சொல்லும்."

சுகிர்தம் அகப்பையைக் கீழே வைத்தாள். "லோகநாதன் குடுக்கக்கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்கான்."

"அவன் ஆபீஸ்காரன் மாரி பேசுவான்" என்றான் சின்னப்பையன். "கம்பி அந்த முனையில அறுந்து கெடக்கும்மா. அதுக்கு மேல கரண்டு எங்க போவும்? காத்துலயா போவும்? நம்ம தெருக்குள்ளயே சுத்திக்கினு இருக்கும்."

அவன் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. அவள் யோசித்தாள். அடுப்புச் சூட்டில் அவளுக்கு எப்போதும் மெதுவாகத்தான் யோசனை வரும்.

"அறுந்த கம்பியக் கட்ட யாராவது வருவாம்லா?"

"வருவான்" என்றார் தவசிமுத்து.

"வந்தா கையாலதான பிடிப்பான்?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு பொறுமையாகச் சொன்னார். "பட்டணம் பூரா மரம் விழுந்து கிடக்கு. நம்ம சந்துக்கு ஆள் வர ஒரு வாரம் ஆவும். வந்தா நமக்குத் தெரியாதா? அணைச்சிருவோம். எடு."

"வேண்டாம்."

தான் அந்தச் சொல்லைச் சொன்னது அவளுக்கே புதிதாக இருந்தது. ரோஸ்மேரி காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"மைனிக்கு என்ன வந்துட்டு? அண்ணன் கோயில் உபதேசியார்கிட்ட வாக்குக் குடுத்துட்டு வந்து நிக்காவ. சோத்த அள்ளி அள்ளிப் போடுதிய, வெளிச்சத்தப் போட வலிக்கோ?"

சுகிர்தம் இடுப்பைக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள். தவசிமுத்துவுக்கு அவளிடம் கையை நீட்டவோ பிடுங்கவோ தெரியாது. அவருடைய முகம் சிவந்து, பிறகு வாடிப்போயிற்று.

"கட்ட இல்லாங்காட்டி இன்னா மொதலாளி" என்றான் சின்னப்பையன். "செம்புக் கம்பி ஒரு துண்டு முறுக்கிப் போட்டா ஆச்சு. மிஷின நிறுத்திட்டு முறுக்கிப்புட்டு மறுபடி சுத்திவுட்டா வேல முடிஞ்சுது."

அவன் பின்கட்டுக்குப் போய் மிஷினை நிறுத்தினான். வீடு சட்டென்று இருண்டது. அதுவரை காதை அடைத்துக்கொண்டிருந்த சத்தம் போனதும் தெருவில் தவளை கத்துவது கேட்டது. அவன் திரும்பி வந்து அரிக்கேன் விளக்கைப் பிடிக்கச் சொல்லி, மெயின் சுவிட்சுக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு ஏறினான். தவசிமுத்து விளக்கைப் பிடித்தார்.

சுகிர்தம் பின்கட்டுக்குப் போனாள். என்ன செய்யப் போகிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. இடுப்பிலிருக்கும் கட்டைக்கு இனி ஒரு மதிப்பும் இல்லை என்பது மட்டும் தெரிந்தது. தார்ப்பாய்க்குக் கீழே குனிந்தாள். மிஷினின் முன்பக்கத்தில் ஹாண்டில் செருகியபடியே இருந்தது. அதைப் பிடித்து இழுத்தாள். சூடாக இருந்தது. முந்தானையைச் சுற்றிக்கொண்டு மறுபடி இழுத்தாள், கழன்று வந்தது. நல்ல கனம். அதை எங்கே ஒளிப்பது? எல்லாப் பூட்டின் சாவியும் அவளிடம் இருந்தது. ஆனால் அவர் கேட்டால் அவள் திறந்துவிடுவாள். இத்தனை வருஷமாகத் திறந்தே பழகிவிட்டது.

கிணறு மழைத்தண்ணீரில் கைக்கெட்டும் உயரத்துக்கு நிறைந்திருந்தது. ஹாண்டிலை அதில் விட்டாள். பெரிய சத்தம்கூட எழவில்லை.

பின்வாசலைத் திறந்து சந்து வழியாகத் தெருமுனைக்கு நடந்தாள். ஏன் நடந்தாள் என்று பிறகு யாராவது கேட்டிருந்தால் அவளால் சொல்லியிருக்க முடியாது. வீட்டுக்குள் இருக்கப் பயமாக இருந்திருக்கலாம். சேற்றில் கால் புதைந்தது. முனை திரும்பியதும் நின்றாள்.

பூவரசை வெட்டி ஓரமாகத் தள்ளியிருந்தார்கள். கம்பத்தில் ஏணி சாத்தியிருந்தது. உச்சியில் ஒருவன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு நின்றான். காக்கிச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவளுடைய தெருவுக்குப் போகும் கம்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அதன் நுனியை வெறும் கையால் முறுக்கிக்கொண்டிருந்தான். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவன் பீடி புகைத்தான்.

"அமீருதீன், இறங்கு நைனா. கண்ணு தெரியல" என்றான் கீழே இருந்தவன்.

"இன்னும் ஒரு முறுக்குதான் இரு. நாளைக்கு இங்க வரச் சொன்னா நான் வரமாட்டேன்." மேலேயிருந்தவன் அவளைப் பார்த்துவிட்டான். "இன்னாம்மா பாத்துகினு நிக்கிற? கரண்டு இன்னிக்கு வராது. அங்க டிரான்ஸ்பார்மரே பூட்ச்சு. போய்ச் சோத்த வடி."

சுகிர்தம் தலையசைத்தாள். ஆனால் அவள் போகவில்லை. அவன் ஏணியில் ஒவ்வொரு படியாக இறங்கித் தரையில் கால் வைக்கும்வரை அங்கேயே நின்றாள். அவன் இறங்கி வந்து கையை உதறினான். விரல்களெல்லாம் வெளுத்து ஊறிப்போயிருந்தன. "எங்க ஊட்லயும் அடுப்பு எரியல" என்றான், பேச்சுக்கு. "இந்தத் தெருவுல யாரோ சோறு போடறாங்கன்னு சொன்னாங்களே, எந்த ஊடு?"

"பள்ளிக்கூடத்துக்கு வாங்க" என்றாள் அவள்.

திரும்பும்போது அவரிடம் சொல்லிவிடவேண்டும் என்றுதான் வந்தாள். வீட்டில் அவர் இல்லை. ஹாண்டிலைத் தேடிச் சலித்த சின்னப்பையன், முறுக்கிய செம்புக் கம்பியை மறுபடி கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பின்கட்டில் உட்கார்ந்திருந்தான்.

"எங்கம்மா வெச்ச?"

"கிணத்துல கிடக்கு."

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "நல்லா பூட்டினம்மா ஊட்ட" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான். அவன் மூலமாகத்தான் விஷயம் தெருவுக்குப் போயிற்று.

சோற்றுக்கூடையைச் சுமக்கும் ஆட்களோடு அவள் பள்ளிக்கூடத்துக்குப் போனபோது ஹாலில் இரண்டு அரிக்கேன் விளக்குகள் மட்டும் எரிந்தன. தவசிமுத்து ஒன்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பந்திக்குப் பந்தி நடந்தார். ஒவ்வொரு வரிசையிலும் குனிந்து, "இன்னைக்கு ஒரு ராத்திரி பொறுத்துக்கிடுங்க, நாளைக்கு வெளிச்சம் வந்துரும்" என்று சொன்னார். மன்னிப்புக் கேட்பது போல இருந்தது. ஒரு கிழவர் படியில் இருட்டில் கால் தவறி விழுந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு முனகினார். தவசிமுத்து விளக்கை வைத்துவிட்டு ஓடிப்போய் அவரைத் தூக்கினார். தன் துண்டைக் கிழித்துக் கட்டினார். 

"இந்தப் பொம்பளதான் வெளிச்சத்தக் குடுக்கமாட்டேன்னுட்டாங்களாம்" என்று குப்பத்துப் பெண் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். சுகிர்தத்துக்குக் கேட்கவேண்டும் என்றுதான் சொன்னாள். சுகிர்தம் அவள் இலையில் சோற்றை வைத்தாள். "இன்னுங் கொஞ்சம் வைய்யி" என்றாள் அந்தப் பெண். வைத்தாள்.

கதவோரத்தில் அமீருதீனும் அவனோடு வந்தவனும் குத்துக்காலிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தவசிமுத்து அவர்களிடமும் வந்து விளக்கைக் காட்டினார். "நல்லாச் சாப்பிடுங்க. லைன்காரவியளா? எந்தப் பக்கம் வேல?" என்று கேட்டார். அமீருதீன் வாயில் சோற்றோடு ஏதோ ஒரு திசையில் கையைக் காட்டினான். தவசிமுத்து அதைக் கவனிக்கவில்லை. அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

சுகிர்தம் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றாள். இவரிடம் இப்போது போய், உம்முடைய வெளிச்சம் போயிருந்தால் அந்தக் கதவோரத்து மனிதன் கம்பத்திலேயே கருகியிருப்பான் என்று எப்படிச் சொல்வது? ஒருவன் விரலுக்காகப் பட்டினி கிடந்தவர். சொன்னால் நம்புவார், அதுதான் பயம். அதற்குப் பிறகு யாருக்கும் ஒரு தம்ளர் மோர் கொடுக்கக்கூட அவருக்குக் கை வராது. அவளுக்குக் கால் கடுத்தது. பாத்திரங்களைப் பொறுக்கிக் கூடையில் போட்டாள்.

அதற்கப்புறம் அவர் பல நாள் அவளிடம் பேசவில்லை. சாப்பாட்டுக்கு உட்காருவார், எழுந்துபோவார். கோபத்தைவிட அவமானம்தான் அதிகம். ரோஸ்மேரி இருவருக்கும் இடையில் தூது நடந்தாள். "அண்ணன் வெந்நீர் கேட்டாவ", "மைனி தலைவலிங்காவ" என்று ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. பிறகு அதுவும் அலுத்துப்போயிற்று. தெருவில் சுகிர்தத்துக்கு அழுத்தக்காரி என்ற பெயர் நிலைத்துவிட்டது.

கரண்டு வந்து, தண்ணீர் வடிந்து, கடைகள் திறந்த பிறகு லோகநாதன் வந்தான். கையில் காகிதத்தில் சுற்றிய சுவிட்ச் இருந்தது. அடுப்படி வாசலில் நின்று கையை நீட்டினான். சுகிர்தம் இடுப்பிலிருந்த கட்டைகளை எடுத்துக் கொடுத்தாள். கட்டை இல்லாமல் வீட்டுக்குக் கரண்டு வராமலே இருந்தது; யாரும் அவளிடம் மறுபடி கேட்கவில்லை.

"யாராச்சும் கேட்டாங்களா?"

"கேட்டாவ."

"குட்த்தியா?"

"இல்ல." சற்று நின்று, முனையில் கண்டதை அவனிடம் சொன்னாள். சுருக்கமாகச் சொன்னாள், பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டே.

லோகநாதன் சுவிட்சைக் கீழே வைத்தான். "அமீருதீனா? நமக்குத் தெரிஞ்ச ஆளும்மா அவன்." பிறகு கோபத்தோடு, "மொதலாளி எங்க? நான் சொல்றேன். தெரு பூரா உன்ன இன்னான்னு பேசிக்கினு கீறாங்க தெரியுமா?" என்றான்.

"அவியகிட்ட ஒண்ணுஞ் சொல்லாதீரும்."

"ஏம்மா?"

"வேண்டாம். நீரு உம்ம வேலயப் பாரும்."

அவன் முணுமுணுத்துக்கொண்டே வேலையைப் பார்த்தான். மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் புதிய சுவிட்சைச் சுவரில் பதித்தான். தெருக் கம்பியை அதன் மேல்வாய்க்கும், மிஷின் வயரைக் கீழ்வாய்க்கும், வீட்டு வயரை நடுவுக்கும் கொடுத்தான். பியூஸ் கட்டைகளையும் மறுபடி மாட்டிவிட்டு அவளைக் கூப்பிட்டான்.

"இத்த மேல தள்ளினா தெருக் கரண்டு. கீழ தள்ளினா மிஷினு. நடுவுல நிறுத்தினா ரெண்டும் இல்ல. யாரு வந்து இன்னா பண்ணாலும் ரெண்டும் ஒண்ணு சேராது. இனிமே நீ ஒண்ணும் இடுப்புல கட்டிக்கினு திரிய வேணாம்."

சுகிர்தம் ஈரக்கையைப் புடைவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். மரப்பிடி போட்ட சின்ன நெம்புகோல். அதைக் கீழே தள்ளினாள், மேலே தள்ளினாள். கட்டென்று விழுந்தது. மறுபடி ஒருமுறை தள்ளிப் பார்த்தாள்.

"இவ்வளவுதானா?"

"இவ்ளோதாம்மா."

கடைப்பக்கத்திலிருந்து தவசிமுத்துவின் குரல் கேட்டது. வேலை முடிந்ததா என்று ரோஸ்மேரியிடம் கேட்டார். சுகிர்தம் பிடியை மேலே தள்ளிவிட்டு, மெயின் சுவிட்சையும் போடச் சொல்லி, அடுப்படிக்குத் திரும்பினாள்.